கடலைப் பார்க்கும் குண்டுவீச்சு விமானங்கள்

பழவேற்காடு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகும் ஃபைபர் படகில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தால், தொடுவானம் அவருக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். பூமி உருண்டை என்பதால் அதற்கு அப்பால் கடல் கீழே வளைந்து மறைந்துவிடுகிறது. அதே ஆளை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் தொடுவானம் 110 கிலோமீட்டருக்கு விலகிப்போகும். 10,000 மீட்டரில் 350 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கடற்போரில் வான்படையின் முதல் பலம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

குண்டுவீச்சு விமானம் என்றதும் லண்டனும் டிரெஸ்டனும் டோக்கியோவும் எரிந்த காட்சிகள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கொடுமைகளை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் 1942-இல் நடந்ததைப் படித்துப் பார்த்தால், குண்டு போடும் திறனைக் காட்டிலும் முன்கூட்டியே பார்க்கும் திறன்தான் அதிக உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1942 ஏப்ரல் 4-ஆம் தேதி. இலங்கையின் தெற்கு முனையிலுள்ள கொக்கல ஏரியிலிருந்து காட்டலினா விமானம் ஒன்று கிளம்பியது. ஓட்டியவர் கனடா நாட்டு விமானப்படையின் லெனர்ட் பர்ச்சால். நாள் முழுக்கக் கடலைத் துழாவிவிட்டுத் திரும்பவிருந்த நேரத்தில், தெற்கே வெகுதூரத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. அருகே போய்ப் பார்த்தால், அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படை. அதில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர் விமானங்கள் காட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. உயிர் தப்பிய ஆறு பேரும் போர் முடியும்வரை கைதிகளாக இருந்தார்கள். ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் குண்டுகள் விழுவதற்குள் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பலவற்றை வெளியேற்ற அவகாசம் கிடைத்தது.

அந்த வாரம் நடந்த தாக்குதல்கள் குண்டுவீச்சின் இயல்பைப் பற்றி ஒரு பாடமே நடத்துகின்றன. 3,000 மீட்டர் உயரத்தில் நேர்கோட்டில் பறக்கும் விமானம் குண்டை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கீழே வர ஏறக்குறைய 25 விநாடி ஆகும். விமானத்தின் வேகத்தோடு சேர்ந்து குண்டும் முன்னோக்கி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும். அதற்குள் 25 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் 300 மீட்டர் நகர்ந்திருக்கும். மாலுமி சுக்கானைத் திருப்பிவிட்டால் எந்தப் பக்கம் நகர்ந்தது என்றே சொல்ல முடியாது. ஏப்ரல் 9 அன்று பிரிட்டனின் ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் இப்படித்தான் உயரத்திலிருந்து நகுமோவின் கப்பல்களைத் தாக்கின. ஒரு குண்டுகூடப் படவில்லை. போன விமானங்களில் பல திரும்பவும் இல்லை.

ஜப்பானியரின் முறை வேறு. அவர்களுடைய விமானங்கள் கப்பலுக்கு நேர் மேலே வந்து, செங்குத்தாகப் பாய்ந்து, சில நூறு மீட்டர் உயரத்தில் குண்டை விட்டுவிட்டு மேலேறின. குண்டு காற்றில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. கப்பலுக்கு விலக நேரமே இல்லை. ஏப்ரல் 5-இல் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் இப்படி மூழ்கின. 9-ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதன் தளத்தில் அன்று ஒரு விமானமும் இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள்.

இதற்கிடையில் ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. வங்கக் கடலில் இன்னொரு ஜப்பானியப் படைப்பிரிவு இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. எதிரி எங்கே இருக்கிறான் என்று சென்னைக்குத் தெரியவில்லை. ஜப்பானியர் கரையிறங்கப் போகிறார்கள் என்ற எச்சரிக்கை பரவியது. அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஏறி ஊரைக் காலி செய்தார்கள். கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிரியல் பூங்காவின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படையெடுப்பு வரவேயில்லை. 9-ஆம் தேதித் தாக்குதலோடு நகுமோ திரும்பிப் போய்விட்டார். சென்னையில் குண்டு விழுந்தது அடுத்த ஆண்டு அக்டோபரில்தான், அதுவும் ஒற்றை விமானத்திலிருந்து. கடலில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத ஒரு நகரம் எவ்வளவு கலங்கிப்போகும் என்பதற்கு அந்த ஏப்ரல் சாட்சி.

1942-இன் நடுவில் பிரிட்டிஷ் வான்படையின் 240-ஆம் அணி காட்டலினாக்களோடு செங்குன்றம் ஏரிக்கு வந்தது. பழவேற்காட்டுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், சென்னைக்குக் குடிநீர் தரும் அதே ஏரிதான். காட்டலினாவின் அடிவயிறு படகு போலவே இருக்கும். ஓடுதளம் வேண்டாம், நீரில் ஓடி மேலே எழும். இறக்கை ஏறக்குறைய 32 மீட்டர் அகலம். இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். முழுச் சுமையோடு 16 டன். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஒரே மூச்சில் 4,000 கிலோமீட்டர் போகும். உடலின் இரு பக்கமும் கொப்புளம் போலப் புடைத்த கண்ணாடிச் சன்னல்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரின் வேலை, மணிக்கணக்காகத் தண்ணீரையே பார்ப்பது. நீர்மூழ்கி தெரிந்தால் விமானம் கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து, தண்ணீருக்குள் போய் வெடிக்கும் குண்டுகளை வரிசையாகப் போடும்.

பழவேற்காட்டு ஏரி செங்குன்றத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். கோரையும் சேறும் மணல்திட்டும் நட்டுவைத்த வலைகளுமாகக் கிடக்கும் அந்த நீரில் இப்படி ஒரு விமானத்தை இறக்குவது தற்கொலைதான்.

இன்று கடலைக் கண்காணிக்கும் வேலையைச் செய்வது அரக்கோணம். பழவேற்காட்டிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் 1992 முதல் 2017 வரை டி.யூ.-142 விமானங்கள் இருந்தன. சோவியத் ஒன்றியத்தின் டி.யூ.-95 குண்டுவீச்சு விமானத்தையே கடல் கண்காணிப்புக்காக மாற்றிச் செய்தவை அவை. 2013-இல் வந்த பி-8ஐ, போயிங் 737 பயணிகள் விமானத்திலிருந்து பிறந்தது. ரேடாரால் கடல்பரப்பைத் துழாவும். ஒலிகேட்கும் மிதவைகளைத் தண்ணீரில் போடும். அவை நீருக்கடியிலிருக்கும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வானொலியில் மேலே அனுப்பும். டார்பிடோவும் ஏவுகணையும் கையில் உண்டு. 25 விநாடிச் சிக்கலுக்கும் இன்று தீர்வு இருக்கிறது: 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட சுகோய்-30 அணி சுமக்கும் பிரம்மோஸ் ஏவுகணை, ஓடும் கப்பலைத் தானே தேடிப் போய் அடிக்கும். ஆனால் முதலில் யாராவது அந்தக் கப்பலைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போருக்கென்று வாங்கிய இந்தக் கண்கள் மீனவருக்கும் உதவியிருக்கின்றன. 2017-இல் ஒக்கி புயலில் காணாமல் போன மீனவர்களைத் தேடப் பி-8ஐ விமானங்களும் பறந்தன. ஆனால் ஒரு குறை இருக்கிறது. இரும்புக் கப்பல் ரேடாரில் பளிச்சென்று தெரியும். மரப் படகும் ஃபைபர் படகும் ரேடார் அலையை அவ்வளவாகத் திருப்பி அனுப்புவதில்லை. அலை உயர்ந்த கடலில் அவை திரையில் காணாமலே போய்விடலாம். பழவேற்காட்டை ஒட்டிய கோரைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் இருப்பவை பெரும்பாலும் அத்தகைய சிறு படகுகள்தான்.

செயற்கைக்கோள் வழியாக ஆபத்தைத் தெரிவிக்கும் கருவியை இஸ்ரோ உருவாக்கியிருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கு எதிர்க்கரையில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் அதே இஸ்ரோ. விசைப்படகு, சிறு படகு என்று பார்க்காமல், கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் அந்தக் கருவியை அரசு கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அதைக் கரையில் வைத்துவிட்டுப் போகாதிருப்பது படகில் ஏறுபவரின் பொறுப்பு.