மீன் தொட்டிக்கு ஒரு கலிங்கு

ஏரி வெட்டிய நம் முன்னோர் கரையோடு கலிங்கையும் சேர்த்தே கட்டினர். மிகுநீர் அதன் வழியே மறுகால் பாய்ந்து கீழேரியை அடையும். பாலக்காட்டில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் பழைய மீன் தொட்டிக்கு அத்தகையதொரு கலிங்கு வைக்க முற்பட்டேன். அதனால் விளைந்ததைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

மலம்புழாவில் மீன் வடிவிலேயே எழுப்பப்பட்டுள்ள மீன் காட்சியகத்தைக் கண்டு வந்த என் மகளின் பிடிவாதத்தால் தங்கமீன்கள் எட்டு வீடு வந்து சேர்ந்தன. தங்கமீன் தாராளமாகத் தின்று தாராளமாகக் கழிக்கும் பிராணி. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் தங்குவதற்கு இடமும் காற்றோட்டமுள்ள நீரும் வேண்டும். தொட்டியினடியில் சம்ப் ஒன்று வைத்துப் பஞ்சும் கல்லும் நிரப்பினால் அவ்விடம் கிடைக்கும்.

பழைய கண்ணாடியில் துளையிடலாகாது. கடினமாக்கிய கண்ணாடியாயின் ஒரேயடியாகச் சிதறிவிடும். ஆகவே தொட்டியின் விளிம்பில் உள்ளே ஒரு பெட்டியும் வெளியே ஒரு பெட்டியும் தொங்கவிட்டு, இரண்டையும் வளைகுழாயால் இணைத்தேன். குழாயில் காற்றின்றி நீர் நிறைந்திருந்தால் இரு பெட்டிகளின் நீர்மட்டமும் சமமாக முயலும். பம்பு மேலே ஏற்றும் நீர் உட்பெட்டியின் விளிம்பைத் தாண்டி விழுந்து, குழாய் வழியே வெளிப்பெட்டிக்குச் சென்று, அங்கிருந்து சம்புக்கு இறங்கும். மின்சாரம் நின்றால் நீர் விளிம்போடு நின்றுவிடும். குழாயின் இரு முனைகளும் பெட்டிகளில் மூழ்கியே இருப்பதால், மீண்டும் மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும்.

நான் தவறியது வேறிடத்தில். பம்பிலிருந்து மேலேறும் குழாயின் வாயை நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் வைத்திருந்தேன். எனக்கு இரவுப் பணியிருந்த ஒரு நாள் மின்சாரம் போயிற்று. பம்பு நின்றதும் அக்குழாய் வழியே நீர் கீழ்நோக்கித் திரும்பிற்று. நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உள்ள தொட்டியில் ஓர் அங்குல நீர் ஏறக்குறைய 14 லிட்டர். ஒரு சாண் என்பது ஒன்பது அங்குலம், 126 லிட்டர்! டிக்கெட் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் இரவெல்லாம் தேடுகிற நான் இக்கணக்கைப் போடாதிருந்தேன். விடியலில் வீடு திரும்பியபோது அரிசி மூட்டை நனைந்திருந்தது. மகளின் புத்தகங்களை மனைவி கொடியில் உலர்த்திக் கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

முல்லைப் பெரியாற்று அணையின் மிகுநீர் வண்டிப்பெரியாறு வழியே இடுக்கி நீர்த்தேக்கத்துக்கு இறங்குவதை அப்பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நம்மவர் நன்கறிவர். 2018 ஆகஸ்டில் கீழ்த்தேக்கமும் நிரம்பியதால், 1992க்குப் பின் முதன்முறையாகச் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. மேலிருந்து வருவதை ஏற்கக் கீழே வெற்றிடம் வேண்டும் என்பது என் சம்புக்கும் பொருந்தும்.

இப்போது குழாய் வாயை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே உயர்த்தி, மட்டத்தையொட்டிக் காற்றுப் புகும் சிறு துளையும் இட்டுள்ளேன். திருப்பிப் பாயாமல் தடுக்கும் வால்வு கடையில் கிடைக்கிறது; பாசி அடைத்தால் அது மூடாது என்பதால் நம்பவில்லை. இன்னோர் அபாயமும் உண்டு. வளைகுழாயில் காற்றுக் குமிழி சேர்ந்து ஓட்டம் அறுந்தால், பம்பு சம்பு நீரை முழுவதும் மேலே ஏற்றிவிடும். ஆதலால் பம்பு நிற்கும் அறையைத் தடுப்பு வைத்துச் சிறிதாக்கி, மேல்தொட்டியின் காலியிடம் கொள்ளும் அளவு நீரே அதிலிருக்கச் செய்தேன்.

சென்ற ஞாயிறன்று மெயின் சுவிட்சை நானே அணைத்துப் பார்த்தேன். சம்பில் நீர் ஏறி, விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது. மனைவியும் வந்து பார்த்தாள். ஆயினும் அரிசி மூட்டை இன்னும் பலகையின் மேல்தான் இருக்கிறது.