வேலியோரக் கசப்பிலையில் ஒரு விருந்துக் குழம்பு

மலேசியாவில் பல வீடுகளின் வேலியோரத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் ஒரு செடி உண்டு. மலாய்க்காரர்கள் அதை 'டாவுன் பிஸ்மில்லா' என்கிறார்கள். சீனர்கள் 'தென்னாப்பிரிக்க இலை' என்று பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். இனிப்புநீர் நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, காலையில் இரண்டு இலையைக் கிள்ளி மென்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குபவர்கள் தமிழர்களிலும் இருக்கிறார்கள்.

வெப்பமண்டல ஆப்பிரிக்காவே அந்தச் செடியின் தாயகம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அதற்குத் தாவரவியலார் நெடுங்காலமாக வழங்கிய பெயர் 'வெர்னோனியா அமிக்டலினா'. நைஜீரியாவில் அது மருந்துச் செடி மட்டுமல்ல, அன்றாடம் சமைக்கும் கீரையும்கூட. தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள் அதை 'ஒனுக்பு' என்பார்கள். யொரூபா மக்களுக்கு அது 'எவூரோ'. பக்கத்து நாடான கேமரூனில் இதே இலையை நிலக்கடலை அரைத்துவிட்டுச் சமைக்கும் 'ந்தோலே', நாட்டின் தேசிய உணவு என்று சொல்லும் அளவுக்குப் புகழ்பெற்றது.

இக்போ மக்கள் ஒனுக்பு இலையில் வைக்கும் குழம்பின் பெயர் 'ஓஃபெ ஒனுக்பு'. அனாம்ப்ரா மாநிலத்தார் இதைத் தங்கள் ஊர்ச் சமையல் என்று பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசக்கும் ஓர் இலை எப்படி விருந்துக் குழம்பாகிறது என்பதுதான் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

பெயரில் சூப், உண்மையில் குழம்பு

நைஜீரியர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது இதை 'சூப்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடிக்கும் உணவு என்று எண்ணினால் ஏமாற்றம்தான். 'ஓஃபெ' என்பது இறைச்சியும் கருவாடும் கீரையும் சேர்ந்து கெட்டியாக நிற்கும் குழம்பு. தொட்டுச் சாப்பிட உடன் ஏதாவது வேண்டும்.

அந்த இடத்தில் வருவது கேழ்வரகுக் களியை நினைவூட்டும் ஓர் உருண்டை. வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த 'யாம்' கிழங்கை வேகவைத்து உரலில் இடித்தால் ஒரு வகை. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்த 'காரி' மாவை வெந்நீரில் கிளறினால் இன்னொரு வகை, அதன் பெயர் 'எபா'. ஊறவைத்துப் புளித்த மரவள்ளியில் செய்வது 'ஃபுஃபு'. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக 'விழுங்குவது' என்ற பொருளிலேயே நைஜீரிய ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. களியைப் போலவே இவற்றையும் மெல்லுவதில்லை.

கசக்கிப் பிழியும் கலை

குழம்பின் வெற்றி அடுப்பில் இல்லை, அலசும் பாத்திரத்தில் இருக்கிறது. பறித்த இலையைக் காம்பு நீக்கிச் சிறிது உப்புச் சேர்த்து, துணி துவைப்பதுபோல் இரு கைகளாலும் கசக்க வேண்டும். இலையில் உள்ள சபோனின் என்னும் பொருளால் பச்சை நுரை பொங்கி வரும். அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மீண்டும் கசக்க வேண்டும். நுரை அடங்கி, நீர் தெளியும்வரை இதையே பல முறை செய்ய வேண்டும்.

பாகற்காயை உப்பில் பிசறிப் பிழியும் வீடுகளுக்கு இந்த வேலை புதிதல்ல. ஆனால் ஒனுக்பு இலைக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒவ்வொரு முறை அலசிய பிறகும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பது சமைப்பவர்களின் வழக்கம். கசப்பை அடியோடு போக்கிவிடுவது நோக்கமல்ல. நாக்கில் லேசாகத் தெரிய வேண்டும். விழுங்கிய பிறகு ஒரு கணம் நிற்க வேண்டும். அதுவும் இல்லாமல் அலசிவிட்டால் அது வெறும் சக்கை என்பார்கள்.

அவசரக்காரர்களுக்குக் குறுக்கு வழிகளும் உண்டு. 'அகான்வு' என்னும் காரக்கல்லைச் சிறிது போட்டு வேகவைத்தால் கசப்பு விரைவில் இறங்கும். இலையும் மெதுவாகும். ஆனால் கையால் கசக்கிய இலையின் பதம் அதில் வராது என்று பழைய ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை. நைஜீரியச் சந்தைகளில் முன்பே கசக்கிப் பிழிந்து உருண்டையாகப் பிடித்த இலையும் கிடைக்கிறது. வெளிநாடுகளில் வாழ்பவர்களுக்கு அலசிக் காயவைத்த இலை பொட்டலமாகப் போகிறது.

பானைக்குள் சந்திக்கும் ஊர்கள்

இந்தக் குழம்பைக் கெட்டியாக்குவது சேப்பங்கிழங்கு. இக்போ மொழியில் 'எடே'. மலாய்க்காரர்களின் கெலாடியும் இதுதான். ஆசியாவில் தோன்றி, பன்னெடுங்காலத்துக்கு முன்பே ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்த கிழங்கு இது. இக்போ வழக்கில் யாம் ஆண்களின் பயிர் என்றால் சேப்பங்கிழங்கு பெண்களின் பயிர். தோலோடு நன்றாக வேகவைத்து உரித்து, கட்டியில்லாமல் இடித்து, சிறு உருண்டைகளாகக் கொதிக்கும் குழம்பில் போடுவார்கள். அது கரைந்து குழம்பைத் திரட்டும். அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும் என்பது தமிழ்ச் சமையலறைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது செம்பனை எண்ணெய். இது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்த மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. மலாயாவில் வணிக முறையிலான முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. அதற்குப் பிறகு செம்பனைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் கதை தனி. ஆனால் மலேசியக் கடைகளில் விற்கும் சுத்திகரித்த பொன்னிற எண்ணெய் இந்தக் குழம்புக்கு ஆகாது. பழத்தை வேகவைத்துப் பிழிந்த, நிறம் நீக்காத சிவப்பு எண்ணெய்தான் வேண்டும். அதன் சிவப்பு கரோட்டின் தரும் நிறம். அந்த மணமும் நிறமும் இல்லாவிட்டால் இக்போ வீட்டில் அதை ஓஃபெ ஒனுக்பு என்று ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவது, நார்வே நாட்டுக் கருவாடு. வட கடலோரக் குளிர்க் காற்றில் உப்பே போடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைத்த காட் மீன். இக்போ மக்கள் இதை 'ஒக்பொரோக்கோ' என்கிறார்கள். பானையில் போட்டால் கட்டைபோல் சத்தமிடுவதால் வந்த பெயர் என்பார்கள். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின்போது பட்டினியில் வாடிய மக்களுக்கு நிவாரணப் பொருளாகவும் இது வந்தது. போர் முடிந்தது, கருவாடு குழம்பில் நிலைத்துவிட்டது. இன்றும் நார்வே கருவாட்டை அதிகம் வாங்கும் நாடுகளில் நைஜீரியாவும் ஒன்று.

இவற்றோடு காய்ந்த கூனி இறால் பொடியும் 'ஒகிரி'யும் சேரும். ஒகிரி என்பது விதைகளை வேகவைத்து இலையில் பொதிந்து புளிக்கவைத்த விழுது. இக்போ வட்டாரத்தில் பெரும்பாலும் ஆமணக்கு விதையில் செய்கிறார்கள். பெலாச்சான் பழகிய மூக்குக்கு அதன் நாற்றம் பயம் தராது. குழம்பில் கரைந்த பிறகு அதுவே ஆழமான சுவையாகிவிடும். ஆனால் பச்சை ஆமணக்கு விதை நஞ்சு. அதனால் ஒகிரியை வீட்டில் செய்து பார்க்க முயலாமல் கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

சமைக்கும் முறை

ஆறு பேருக்கு ஒரு கிலோ இறைச்சி, ஒரு துண்டு காட் கருவாடு, சுட்டுக் காயவைத்த மீன் சிறிது, அரைக் கிலோ சேப்பங்கிழங்கு, முக்கால் கோப்பை சிவப்புச் செம்பனை எண்ணெய், இரண்டு மேசைக் கரண்டி கூனிப் பொடி, ஒரு தேக்கரண்டி ஒகிரி, காரத்துக்கு இடித்த மிளகாய், உப்பு, அலசிப் பிழிந்த இலை இரண்டு கைப்பிடி போதும்.

கருவாட்டை முன்னதாகவே ஊறவைத்து, இறைச்சியோடு சேர்த்து வேகவைக்க வேண்டும். இறைச்சி வெந்து ஒரு பானை சாறு நிற்கும்போது காய்ந்த மீன், எண்ணெய், மிளகாய், கூனிப் பொடி, ஒகிரி ஆகியவற்றைச் சேர்த்து, சேப்பங்கிழங்கு உருண்டைகளைப் போட்டு மூட வேண்டும். உருண்டைகள் முழுதும் கரைந்ததும் இலையைப் போட்டு, பத்து நிமிடம் மெதுவான தீயில் விட்டு, உப்புப் பார்த்து இறக்கலாம். தாளிப்பு கிடையாது. தக்காளி, புளி, மஞ்சள் எதுவும் கிடையாது. பழக்க தோஷத்தில் மசாலாத் தூளை அள்ளிப் போட்டால் இலையின் சுவை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

ஒகிரி கிடைக்காதபோது விட்டுவிடலாம். பெலாச்சான் ஒரு சிட்டிகை போட்டால் குழம்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு சுவை.

பந்தியில் அமரும்போது

நைஜீரிய நண்பர் வீட்டில் இந்தக் குழம்பு பரிமாறப்பட்டால் தயங்க ஒன்றுமில்லை. முதலில் கை கழுவத் தண்ணீர் வரும். வலக்கையால் உருண்டையிலிருந்து சிறிது கிள்ளி, விரல்களில் உருட்டி, கட்டை விரலால் குழி செய்து, குழம்பை அதில் அள்ளி அப்படியே விழுங்க வேண்டும். இடக்கையை நீட்டுவது அங்கும் மரியாதைக் குறைவு. கையால் உண்ணும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் கைவந்துவிடும்.

இக்போ வாழ்வில் இதற்குள்ள இடத்தை இலக்கியமும் பதிவு செய்திருக்கிறது. தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் வந்த சினுவா ஆச்செபியின் 1958-ஆம் ஆண்டு நாவலில், ஏழாண்டுக் கால ஊர்விலக்கு முடியும் தறுவாயில் ஒக்கோன்க்வோ தன் தாய்வழி உறவினர்களுக்கு நன்றி சொல்லி விருந்து வைக்கிறான். அந்த விருந்துப் பட்டியலில் கசப்பிலைக் குழம்பும் இருக்கிறது. நன்றி சொல்லும் பந்தியில் வைக்கத் தகுந்த உணவு அது.

உணவா, மருந்தா?

நைஜீரியாவிலும் இந்த இலையின் சாற்றை வயிற்றுக் கோளாறுக்கும் காய்ச்சலுக்கும் குடிப்பவர்கள் உண்டு. 1987-இல் தான்சானியாவின் மஹாலே மலைக் காட்டில், சோர்ந்துபோன ஒரு சிம்பன்சி இந்தச் செடியின் தண்டை மென்று சாற்றை உறிஞ்சியதையும், அடுத்த நாளில் தேறியதையும் மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆய்வாளர் கண்டு பதிவு செய்தார். கவனிக்க வேண்டியது, அந்தக் குரங்கு இலையையும் பட்டையையும் ஒதுக்கிவிட்டு உள்தண்டை மட்டுமே மென்றது. இலையில் வீரியமான பொருள்கள் கூடுதல்.

எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் இந்த இலைச்சாறு சர்க்கரை அளவைக் குறைத்தது உண்மை. ஆனால் மனிதர் எத்தனை இலை, எத்தனை நாள் உண்ணலாம் என்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் நிலைக்கு அது வரவில்லை. இனிப்புநீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பச்சை இலையையும் சேர்த்து உண்டால் சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கிவிடும் வாய்ப்பு உண்டு. இலையை நம்பி மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. கிளினிக்கில் அடுத்த முறை இரத்தம் சோதிக்கும்போது, வீட்டில் இந்த இலையை உண்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இக்போ வீட்டுச் சமையலறையில் இந்தக் கேள்வி எழுவதில்லை. பல தண்ணீர் மாற்றி அலசிய இரண்டு கைப்பிடி இலையை ஆறு பேர் பகிர்ந்து உண்கிறார்கள். முதன்முறை சமைப்பவர்கள் அந்த அளவையும் குறைத்து ஒரு கைப்பிடியில் தொடங்கலாம். வேலியோரச் செடியில் இளம் இலைகளாகப் பார்த்துப் பறித்தால் கசக்கும் வேலையும் சற்றுக் குறையும்.