ஆளில்லாக் காட்டுக்கு 5,000 மெகாவாட்

அலாஸ்காவின் உள்நாட்டில் ஓரிடத்தில் யூகான் நதி தன் ஒழுங்கையெல்லாம் மறந்துவிடுகிறது. பல கால்களாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஒரு பரந்த சமவெளியில் அலைகிறது. யூகான் ஃபிளாட்ஸ் என்ற அந்தச் சமவெளியில் ஏரி, குட்டை என 40,000-க்கு மேல் உண்டு. அதைக் கடந்ததும் நதி ரேம்பார்ட் என்னுமிடத்தில் மலையிடுக்கில் ஒடுங்குகிறது. மேலே அகன்ற தாம்பாளம், கீழே குறுகிய வாய். அணை கட்டுகிறவர் கண்ணில் இது பட்டால் விடுவாரா?

1950-களில் பட்டது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை போட்ட திட்டத்தில் அணையின் உயரம் 530 அடி, நீளம் 4,700 அடி, மின்திறன் 5,000 மெகாவாட். அந்நாட்டின் அன்றைய பெரிய நீர்மின் நிலையமான கிராண்ட் கூலியைப்போல் இரண்டரை மடங்கு. நீர்த்தேக்கம் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவி, ஈரி ஏரியையே மிஞ்சியிருக்கும். அது நிரம்பவே சுமார் 20 ஆண்டுகள் பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இத்தனை பெரிய தேக்கம் எதற்கு? வட நதிகளின் சுபாவம் அப்படி. மே, ஜூனில் பனி உருகிப் பெருவெள்ளம் வரும். குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் கொஞ்சம் நீரே ஓடும். மின்சாரம் அதிகம் வேண்டியிருப்பதோ அந்தக் குளிர்காலத்தில்தான். எனவே கோடை நீரைப் பிடித்துவைத்துக் குளிரில் திறந்தாக வேண்டும். ஆனால் அங்கே நிலமே பல இடங்களில் ஆண்டு முழுதும் உறைந்து கிடப்பது. அதன்மேல் நீரைத் தேக்கினால் அடியிலுள்ள பனி உருகும், கரைகள் சரியும்.

திட்டத்தின் பெரிய வக்கீல் செனட்டர் எர்னஸ்ட் குரூனிங். வியட்நாம் போருக்கு வழிதிறந்த 1964-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை செனட்டில் எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர். அப்படிப்பட்டவருக்கும் யூகான் ஃபிளாட்ஸ் எதற்கும் உதவாத சதுப்பாகவே தெரிந்தது. மலிவான மின்சாரம் வந்தால் அலுமினிய ஆலைகள் தாமே தேடிவரும் என்பது அவர் தரப்பின் வாதம். 1960-இல் அலாஸ்காவின் மொத்த மக்கள்தொகை சுமார் 2,26,000. மின்சாரத்தை முதலில் உற்பத்தி செய்வோம், வாங்க ஆள் பிறகு வரும் என்ற கணக்கு! பொருளாதார அறிஞர்கள் இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு கணக்கை எடுத்துவந்தது அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை. 1964-இல் வெளியான அதன் அறிக்கை, வட அமெரிக்க நீர்த்திட்டங்கள் எதிலும் இவ்வளவு உயிரினம் அழியக்கூடிய நிலை வந்ததில்லை என்றது. ஆண்டுதோறும் இங்கிருந்து தெற்கே பறக்கும் வாத்துகள் மட்டும் சுமார் 15 லட்சம். ஈரி அளவு ஏரியே வரும்போது வாத்துகளுக்கு என்ன குறை என்று அணைக்காரர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும்; ஊசிவால் வாத்து மேய்வதைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அது முக்குளிப்பதில்லை. வாலை மேலே தூக்கி, தலையைக் கவிழ்த்து, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் இரை தேடும். குஞ்சுகளுக்கு வேண்டியது கொசு போன்ற பூச்சிகளின் புழுக்கள். அந்த ஆழமும் இந்தப் புழுக்களும் வெயிலில் சீக்கிரம் சூடேறும் ஆழமற்ற குட்டைகளில்தான் கிடைக்கும். இந்தச் சமவெளியில் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஃபோர்ட் யூகான் என்ற ஊரில் 1915 ஜூனில் 37.8 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. கோடையில் சூரியன் மறைவதே அரிது. ஆழமான தேக்கமோ மெதுவாகச் சூடேறும். நீர்மட்டம் ஏறி இறங்கும் கரையில் கோரை வேர்பிடிக்காது. கனடாவின் புல்வெளிக் குட்டைகள் வறண்ட ஆண்டுகளில் தென்பகுதி வாத்துகளும் இங்கே வந்து சேர்கின்றன என்பது இன்னொரு விஷயம்.

சால்மன் மீனுக்கு ஏணி கட்டலாம் என்றார்கள். இதே நதியில் கனடாவின் ஒயிட்ஹார்ஸில் அப்படி ஓர் ஏணி உண்டு. ஆனால் 530 அடி? மீன் ஏறியே விட்டாலும், அதன் குஞ்சுகள் கடலுக்குத் திரும்ப வேண்டும். அவற்றை இழுத்துச் செல்வது ஓட்டம். சுமார் 450 கிலோமீட்டர் நீளத் தேக்கத்தில் ஓட்டத்துக்கு எங்கே போவது?

ஃபோர்ட் யூகான், பீவர், ஸ்டீவன்ஸ் வில்லேஜ் போன்ற ஊர்களில் வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர் வீடு, மீன்பிடி முகாம், இடுகாடு எல்லாவற்றையும் நீருக்குக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் எதிர்த்தார்கள், ஆனால் வாஷிங்டனில் அவர்கள் குரலைவிட வாத்துக் கணக்கும் டாலர் கணக்குமே எடுபட்டன என்பது என் எண்ணம். அந்த வாத்துகளை இலையுதிர் காலத்தில் சுடக் காத்திருந்தவர்கள் தெற்கே பல மாநிலங்களில் வாக்காளர்களாக இருந்தார்களே!

1967-இல் உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் உடால் திட்டத்தை எதிர்ப்பதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு குரூனிங், தம் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு புரூடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்து, அலாஸ்காவின் பணக் கனவு வேறு திசைக்குப் போனது. 1980-இல் யூகான் ஃபிளாட்ஸ் தேசிய வனவிலங்குப் புகலிடமானது.

வாத்துகள் பிழைத்தன. சால்மனின் கதை வேறு. அலாஸ்கா எல்லைக்குள் யூகான் இன்றும் அணையில்லாமல்தான் ஓடுகிறது. ஆனாலும் நதி நீரும் கடல் நீரும் வெப்பமேறியது உள்ளிட்ட காரணங்களால் கிங் சால்மன் வரத்து சரிந்துவிட்டது. 2024-இல் அமெரிக்காவும் கனடாவும் யூகானில் கிங் சால்மன் பிடிப்பதை 7 ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தன. அணைக்குத் தப்பிய ஊர்களின் மீன்பிடி முகாம்களில் கிங் சால்மனுக்கு இப்போது வலை இறங்குவதில்லை.