வெயிலில் மூத்த விஸ்கி

2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் ஒரே ஒரு பாட்டில் விஸ்கி 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஸ்காட்லாந்தின் மெக்காலன் வடிசாலையில் 1926இல் வடித்து, ஷெர்ரி பீப்பாயில் அறுபது ஆண்டு கிடந்து, 1986இல் வெளிவந்த சரக்கு. மொத்தமே 40 பாட்டில். அதே பீப்பாயைக் கும்பகோணத்து மேலக்காவேரிக் கிடங்கு ஒன்றில் வைத்திருந்தால், இத்தனை கத்திரி வெயில் பார்த்தபின் எல்லாம் ஆவியாகி வெறும் மரம்தான் மிஞ்சியிருக்கும்.

இந்தக் கணக்கை அனுபவத்தில் கற்றவர்கள் பெங்களூர் அம்ருத் நிறுவனத்தார். 1948இல் ராதாகிருஷ்ண ஜக்தாலே தொடங்கியது. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸில் வடித்த சாராயம்தான். டெல்டாவில் கரும்பு போட்டவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. அம்ருத் 1980களில் பார்லியில் இறங்கியது. முளைகட்டிய பார்லி மாவைப் புளிக்கவிட்டு, செப்புக் கலன்களில் இருமுறை வடிப்பார்கள். கந்தக நாற்றத்தைச் செம்பு வாங்கிக்கொள்ளும். பாத்திரக்கடைத் தெருக்கள் உள்ள கும்பகோணத்துக்குச் செம்பின் அருமையைச் சொல்ல வேண்டுமா? 2004இல் அவர்களின் பார்லி விஸ்கி 'சிங்கிள் மால்ட்' என்று முதலில் விற்பனைக்கு வந்தது கிளாஸ்கோவில். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றார்கள்.

மெக்காலன் ஊறிய பீப்பாய்க்குப் பெயர் தந்த ஷெர்ரி, ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதித் திராட்சை மது. முன்பு பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேறும். காலிப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைத்தன. மரத்தில் ஊறிய மது விஸ்கிக்கு உலர்திராட்சை, பேரீச்சை வாசனையும் செம்மையும் தரும். 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்காகவே பீப்பாயில் ஷெர்ரி ஊற்றி ஊறப்போடுகிறார்கள்.

2010இல் அம்ருத் கொண்டுவந்த 'இன்டர்மீடியட் ஷெர்ரி' இதில் ஒரு சாமர்த்தியம். முதலில் பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், புதுமரப் பீப்பாய், நடுவில் மட்டும் ஷெர்ரி, மறுபடி பர்பன். வெக்கையில் மரம் வேகமாகச் சாரத்தை இறக்கும், கொஞ்சம் அசந்தால் கசப்புதான். ஷெர்ரியை இடைவழியில் நிறுத்தியதை நான் அந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன்.

ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியாகும். 'தேவதைகளின் பங்கு' என்று கௌரவமாகச் சொல்வார்கள். பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம். இங்கே தேவதைகளுக்குத் தாகம் அதிகம்! அதனால்தான் 2013இல் வந்த அம்ருத்தின் எட்டாண்டுச் சரக்குக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்', அதாவது பேராசைத் தேவதைகள், என்று பெயர் வைத்தார்கள். 144 பாட்டில்தான் தேறியது. எட்டு வயது ஸ்காட்சை யாரும் கிழவன் என்று சொல்லமாட்டார்கள், இங்கே அது முதுமை.

12 சதவீதம் என்று வைத்தால், நூறு லிட்டர் எட்டாண்டில் 36 ஆகிவிடும். போன 64 லிட்டருக்கும் அந்த 36தான் விலை சொல்லியாக வேண்டும். பாட்டில் விலை கேட்டு மலைப்பவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம்.