தென்னை ஏறப் பழகுவோம், இரண்டு பிடியோடு

(வானொலி உரை)

இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, கடையம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சிமார் யாரைப் பார்த்தாலும் இப்போது ஒரே பேச்சுதான். "காய் முற்றிப் போச்சு, ஏறுறதுக்கு ஆள் இல்லை" என்கிறார்கள். 45 நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டிய மரத்தில் நெற்று தானாக விழுந்து கிடக்கிறது. கொண்டையைச் சுத்தம் செய்ய ஆளில்லாததால் காண்டாமிருக வண்டு சுகமாகக் குடியிருக்கிறது. ஏறத் தெரிந்த பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இதற்கு ஒரு வழியாக மரம் ஏறும் கருவி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கருவியைக் கடையில் வாங்கி வந்து, "ஏறிப் பாரு தம்பி" என்று ஒரு பையனிடம் கொடுப்பது மட்டும் கூடாது. ஏன் கூடாது, முறையாகப் பழகுவது எப்படி என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது சுமார் 33 அடியிலிருந்து, ஒருவர் விழுந்தால் தரையைத் தொட ஒன்றரை வினாடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். நெட்டை மரம் 20 மீட்டர் வளர்ந்திருந்தால் இரண்டு வினாடி, 70 கிலோமீட்டர் வேகம். "நழுவினால் எதையாவது பிடித்துக்கொள்ளலாம்" என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே காப்பு என்பது விழுவதற்கு முன்பே உடம்போடு மாட்டியிருக்க வேண்டும்.

பனையேறும் பெரியவர்கள் காலில் தளைநார் மாட்டி, தடியை அணைத்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய வித்தை அது. ஆனாலும் கை நழுவினால் தாங்கிக்கொள்ள அங்கே வேறொன்றும் இல்லை. ஒரே பிடி.

இனி நம் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளை நினைத்துப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் அவற்றைச் சுற்றுகிறது. அந்தக் காற்றாலை இறக்கையைப் பழுதுபார்க்கக் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்று வேலைக் கயிறு, மற்றொன்று காவல் கயிறு. இரண்டும் தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். குகைகளில் இறங்குகிறவர்கள் கையாண்ட கயிற்று வித்தையிலிருந்து வந்த முறை இது. 1980-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து, இதற்குப் பயிற்சியும் தேர்வும் வைத்தார்கள்.

தென்னைக்கும் சட்டம் அதேதான். கருவி ஒரு பிடி, இடுப்பில் மாட்டும் காப்புக் கயிறு இரண்டாவது பிடி. இரண்டும் இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் ஏறாதே.

கருவி எப்படி வேலை செய்கிறது? நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவது செம்பேரிக் கருவி. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி உருவாக்கியது. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என இரண்டு பாகம். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புக் கயிறு மரத்தைச் சுற்றி வரும். மிதித்தால் பாரம் விழுந்து கயிறு இறுகும், காலைத் தூக்கினால் தளரும். ஒரு காலில் நின்றுகொண்டு மறுகாலை உயர்த்தி, மாற்றி மாற்றி ஏற வேண்டும். உட்கார்ந்து ஏறும் கருவியும் இருக்கிறது. எதுவானாலும் கிளையில்லாத நேர்த்தடிக்குத்தான் சரி. குற்றாலத்து மலைத்தோட்டங்களில் கிராம்பு, ஜாதிக்காய் பறிக்க இது உதவாது.

காப்புக் கயிற்றில் ஒரு நுணுக்கம் உண்டு, கவனமாகக் கேளுங்க. கயிற்றை மரத்தைச் சுற்றிச் சும்மா வளையமாக மாட்டினால், விழும்போது அதுவும் ஆளோடு சேர்ந்து வழுக்கிக் கீழே வந்துவிடும். பாரம் விழுந்தால் மரத்தைச் சுருக்குப் போல இறுக்கிப் பிடிக்கிற அமைப்பு வேண்டும். அந்தச் சுருக்கு எப்போதும் இடுப்புக்கு மேலேயே இருக்க வேண்டும். கயிறு தொய்வாக இருந்தால் அந்தத் தொய்வு அளவுக்கு முதலில் விழுந்து, பிறகுதான் நிற்பீர்கள். வெறும் இடுப்புவார் மட்டும் இருந்தால் அந்தக் குலுக்கலில் வயிறும் முதுகெலும்பும் அடிபடும். தொடை, தோள் எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்கும் முழு உடல் வாரே நல்லது. வாங்கும்போது ஐ.எஸ். 3521 என்ற தர எண்ணைப் பாருங்கள். அரிவாள் பட்டால் நூல் கயிறு அறுந்துபோகும். உள்ளே கம்பி ஓடுகிற கயிறாக இருப்பது உத்தமம்.

பழகும் வரிசையைச் சொல்கிறேன்.

ஒன்று: 18 வயது நிரம்பாதவரை ஏற்றக் கூடாது. வலிப்பு, தலைச்சுற்றல், நெஞ்சுவலி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. குடித்தவருக்கு அன்றைக்கு மரமே கிடையாது.

இரண்டு: முதல் பாடம் தரையில்தான். கம்பியில் இழை பிரிந்திருக்கிறதா, கொக்கி பூட்டுகிறதா, வாரில் தையல் விட்டிருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று: நாலடி உயரத்துக்குள்ளேயே ஏறி இறங்கிப் பழகுங்கள். அந்த உயரத்தில் வேண்டுமென்றே வாரில் தொங்கிப் பாருங்கள். அது தாங்கும் என்ற நம்பிக்கை உடம்புக்கு வந்த பிறகுதான் மேலே போகலாம்.

நான்கு: ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழகுங்கள். களைத்த காலோடு அவசரமாக இறங்குவதுதான் ஆபத்து. மேலே போகப் போகத் தடி சிறுக்கும், கருவி சாயும். அதற்குத் தக்கபடி கயிற்றின் அளவைச் சரிசெய்வதைச் சொல்லிக் கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

ஐந்து: கொண்டையை எட்டியதும் காய்ந்த மட்டையையோ குலையையோ நம்பிப் பிடிக்காதீர்கள். காப்புக் கயிறு தடியில்தான் இருக்க வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். குற்றாலத்தில் அருவி கொட்டினால் நமக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சாரலில் தடியில் பாசி பிடித்து வழுக்கும்; கணவாய்க் காற்று கொண்டையை ஆட்டும். தடி காயும்வரை பொறுங்கள். ஒரு வாரம் தள்ளிப் பறித்தால் காய் ஒன்றும் குறைந்துவிடாது. மின்கம்பி பக்கத்தில் போகும் மரத்தில், மின்வாரியத்தைக் கேட்டு மின்சாரத்தை நிறுத்தாமல் ஏறவே கூடாது. இரும்புக் கருவியும் ஈர ஓலையும் மின்சாரத்தைக் கடத்தும்.

தனியாக ஒருவரும் ஏறக் கூடாது. மேலே மயங்கியவர் வாரில் அசையாமல் தொங்கினால், காலில் ரத்தம் தேங்கிச் சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே கீழே ஏறத் தெரிந்த இன்னொருவரும் இன்னொரு கருவியும் தயாராக இருக்கட்டும். தீயணைப்பு மீட்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. கீழே விழுந்துவிட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் நிரந்தரமாக விளங்காமல் போகலாம். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை படுத்தபடியே இருக்க விடுங்கள்.

முறையான பயிற்சி கிடைக்குமா என்று கேட்பீர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் "தென்னையின் நண்பர்கள்" என்ற ஆறு நாள் பயிற்சியைக் கேரளத்தில் தொடங்கியது. ஏறுவதோடு, காய் முற்றியதை அறிவது, பூச்சி நோய் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. நம் பக்கத்து இளைஞர்கள் ஊர்மேலழகியான் வேளாண் அறிவியல் மையத்திலோ, வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ பயிற்சியைப் பற்றியும் மரம் ஏறுவோர் காப்பீட்டைப் பற்றியும் விசாரியுங்கள்.

கடைசியாகத் தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போதே, "காப்புக் கயிறு இருக்கா?" என்றும் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கித் தோப்பில் வைத்துவிடுங்கள். உரத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். காய் அடுத்த பறிப்பில் வரும். ஏறினவர் பத்திரமாக வீட்டுக்குத் திரும்புவதுதான் முக்கியம்.