காரின் மூச்சும் தம்புள்ளைப் புழுதியும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவும், குருநாகலிலிருந்து திருகோணமலை செல்லும் பெருந்தெருவும் ஒன்றையொன்று சந்திக்கும் ஊர் தம்புள்ளை. குகைக் கோயில்களைக் காண வருவோரும், சீகிரியாக் குன்றில் ஏற வருவோரும், 1999ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி மூட்டைகளைக் கொண்டுவரும் லொறிகளும் அங்கே இரவு பகலாகக் கூடுவதைப் பலரும் கண்டிருப்பர். ஆவணி மாதத்தில் அங்கு சென்றவர்கள் வேறொன்றையும் கண்டிருப்பர். அதுதான் புழுதி. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாய் இப்பக்கம் இறங்கும் காலம் அது. ஒரு லொறி கடந்து சென்றால், தெருவோரத்துச் செம்மண் எழுந்து, அடங்க நெடுநேரம் பிடிக்கும்.

சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில் நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். எம்மிடம் கல்லூரியிற் பௌதிகவியல் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே சுற்றுலாப் பயணிகளைத் தமது காரில் ஏற்றிச் செல்லும் தொழில் செய்கிறார். சிறிய எஞ்சினும், அதற்குத் துணையாக ஒரு டர்போவும் பூட்டிய கார் அது. எஞ்சினின் கொள்ளளவையும் பார்த்து வரி விதிக்கப்படும் நாட்டில் இத்தகைய கார்களைப் பலர் விரும்புவதில் வியப்பில்லை. அவர் அதனைக் கடன்பட்டே வாங்கியிருந்தார்.

எம்மைக் கண்டதும் அவர் மகிழ்ச்சியோடு காரின் பொனற்றைத் திறந்து காட்டினார். தொழிற்சாலையிற் பூட்டப்பட்ட கறுப்புப் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில், கூம்பு வடிவான சிவப்பு நிற வடிகட்டியொன்று பளபளவென்று வீற்றிருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கியதாம்.

“ஐயா, காற்றுக் கூடினால் வலுக் கூடும் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்?” என்றார் சிரித்துக்கொண்டே.

நாம் உடனே விடை கூறவில்லை. அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் முழு உண்மையுமன்று. பாதி உண்மையைக் கற்பித்துவிட்டு மீதியை விட்டுவிட்ட குறை எம்முடையதாகவும் இருக்கலாம். அந்த மீதிப் பாதியை இங்கே எழுத முற்படுகின்றோம்.

துருத்தியும் டர்போவும்

நெருப்புக்கு விறகு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். இதனை அப்பகுதியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். சீகிரியாவுக்கு அண்மையிலுள்ள ஆலகொலவெவ என்னுமிடத்தில் அக்காலத்து இரும்புலைகளைத் தொல்பொருள் ஆய்வாளர் அகழ்ந்து கண்டிருக்கின்றனர். உலைக்குட் காற்றைச் செலுத்தினாலன்றிக் கல்லிலிருந்து இரும்பு பிரியாது. நம் கொல்லர் துருத்தி ஊதுவதும் இதற்காகவே.

கார் எஞ்சினும் ஓர் உலைதான். ஒரு கிலோகிராம் பெற்றோல் செம்மையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்றுத் தேவை. லீற்றர்க் கணக்கிற் சொன்னால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று. வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் சுவாசிக்கும் காற்றும் ஏறக்குறைய இவ்வளவே. விலை கொடுத்து வாங்கும் பெற்றோலைத் துளி துளியாகக் கணக்கிடும் நாம், விலையின்றிக் கிடைக்கும் காற்றைப்பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை.

சிறிய எஞ்சின் பெரிய வேலை செய்யவேண்டுமாயின், அதற்குள் கூடுதலான காற்றைத் திணிக்கவேண்டும். அதற்கு ஒரு துருத்தி வேண்டும். அத்துருத்தியை யார் ஊதுவது? சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளரான அல்பிரெட் பியூகி இதற்கு 1905ஆம் ஆண்டில் விடை கண்டு காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையைக்கொண்டு ஒரு சில்லைச் சுழற்றுவது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சில்லினாற் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புவது. இதுவே டர்போ. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல், ஷெவ்ரொலே நிறுவனங்கள் இதனைப் பூட்டிய கார்களை விற்பனைக்கு விட்டன. உள்ளங்கைக்குள் அடங்கும் அச்சில்லு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேற் சுழல வல்லது.

அப்படியாயின், காற்று வரும் வழியிலுள்ள தடையை நீக்கினால் வலுக் கூடுமல்லவா? சிறிது கூடலாம். ஆனால் இக்காலக் காரில் காற்றின் அமுக்கம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை அதன் கணினியே தீர்மானிக்கிறது. அந்த அளவு எட்டியதும் ஒரு சிறு கதவு திறந்து, மிகுதிப் புகையைச் சில்லிற் படாமல் வெளியே விட்டுவிடும். எஞ்சினில் வேறெந்த மாற்றமும் செய்யாமல் வடிகட்டியை மட்டும் மாற்றினால், டர்போவின் உழைப்புச் சற்றுக் குறையும், கார் குதிரையாகிவிடாது.

கண்ணுக்குத் தெரியாத அரம்

இனி, காற்றோடு கூட வருவதைக் கவனிப்போம். தம்புள்ளைக்கு அண்மையில் நாமல் உயன என்னும் நாகமரச் சோலை உண்டு. அங்குள்ள இளஞ்சிவப்புக் குன்றுகளைப் பார்ப்பதற்கென்றே மக்கள் செல்வர். அக்குன்றுகள் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லால் ஆனவை. நாம் மணல் என்று சொல்வதிற் பெரும்பகுதியும் இக்கல்லின் பொடியே. தெருப் புழுதியிலும் அது கலந்துள்ளது. கனிப்பொருள்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் வரிசையில் குவார்ட்ஸ் ஏழாம் இடத்தில் நிற்கிறது. சாதாரண உருக்கையே கீறவல்லது என்பது இதன் பொருள்.

கண்ணுக்குத் தெரியும் மணல் அத்துணைப் பகையன்று; அது எளிதில் வடிகட்டியிற் சிக்கிவிடும். தலைமயிரின் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கே உள்ள நுண்டூசுதான் பெரும் பகை. சிலிண்டரின் சுவருக்கும் பிஸ்டன் வளையத்துக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அந்த இடுக்கில் நுழையக்கூடிய அளவு நுண்டூசு, எண்ணெயோடு கலந்து அரம்போல இரும்பைத் தேய்க்கிறது. டர்போ பூட்டிய காரிலோ, சிலிண்டரை அடையுமுன்னரே அத்தூசு அதிவேகமாய்ச் சுழலும் மெல்லிய அலுமினியச் சில்லிற் போய் மோதுகிறது. அதன் விளிம்பு தேய்ந்தால் டர்போவின் ஆயுளும் தேயும்.

தம்புள்ளை விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. பழைய மாஸி பேர்கசன் உழவு இயந்திரங்களிற் காற்று ஓர் எண்ணெய்க் கிண்ணத்தின் வழியாகவே உள்ளே போகும். தூசு எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். இன்றைய கார்களில் மடிப்பு மடிப்பான கடதாசி வடிகட்டி அவ்வேலையைச் செய்கிறது. எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியாலான வடிகட்டிகளைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். அவற்றினூடே காற்று எளிதாகச் செல்லும். ஆயினும் காற்றுக்கு வழி இலகுவாகுந்தோறும், தூசையும் தடுத்து நிறுத்துவது கடினமாகும். இரண்டையும் ஒருங்கே பெறுவது எளிதன்று.

ஸ்பிற்பயர் கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்காவுக்குச் சென்ற ஸ்பிற்பயர் விமானங்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. அவற்றின் எஞ்சின்களும் காற்றை அமுக்கி ஏற்பவை. பாலைவன மணல் அவற்றை விரைவிற் கெடுக்கும் என்பதால், விமானத்தின் மூக்கின் கீழே பெரியதொரு வடிகட்டி பூட்டப்பட்டது. எஞ்சின் பிழைத்தது, ஆனால் விமானத்தின் வேகமும் மேலேறும் ஆற்றலும் குறைந்தன. பகை விமானங்களை எதிர்கொள்வோருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பின்னர் எகிப்தின் அபூக்கிர் என்னுமிடத்திலிருந்த பழுதுபார்க்கும் பிரிவினர், சிறியதும் காற்றோட்டத்துக்கு இசைந்ததுமான வடிகட்டியொன்றைத் தாமே செய்து பூட்டினர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வடிகட்டி வேகத்தைக் குறைக்கிறது என்பதற்காக அவர்கள் அதனைக் கழற்றி எறியவில்லை. மணலையும் தடுத்து, மூச்சையும் தடுக்காத வழியையே தேடினர்.

கூம்பின் கவர்ச்சி

கூம்பு வடிகட்டி பூட்டியதும் கார் ஓர் உறுமல் உறுமும். அதனாலேயே பலர் வலுக் கூடிற்று என்று நம்பிவிடுகின்றனர். தொழிற்சாலைப் பெட்டி தூசைத் தடுப்பதோடு ஓசையையும் அடக்கியது. பெட்டி போனதும் ஓசை வெளிப்பட்டது. காது கேட்டது மெய். சில்லு அறிந்தது வேறு.

இன்னொன்று, வெப்பம். பெட்டியின் குழாய் வெளிக்காற்றை உறிஞ்சும். மூடியில்லாத கூம்போ எஞ்சினைச் சூழ்ந்த சூடான காற்றை உறிஞ்சும். 30 பாகை செல்சியஸிலுள்ள காற்று 60 பாகைக்குச் சூடேறினால், அதே கனவளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு காற்றுக் குறைந்துவிடும். காற்றைக் கூட்டப் போய்க் குறைத்த கதையாகும்.

சூட்டுக்கு அஞ்சிக் கூம்பைத் தாழ்வாகப் பம்பரின் அருகே வைப்போரும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரை அது உறிஞ்சினால் பேராபத்து. காற்றைப்போல் நீர் அமுங்காது. எஞ்சினின் உட்டண்டுகளே வளைந்துபோகும்.

பெற்றோல் மிச்சமாகும் என்ற பேச்சும் உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இக்காலப் பெற்றோல் கார்களில், வடிகட்டி அடைபட்டிருந்தபோதும் எரிபொருட் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வேகமெடுக்கும் ஆற்றலே குறைந்தது. காற்றுக் குறைந்தால் அதற்கேற்பப் பெற்றோலையும் கணினி குறைத்துவிடுவதே காரணம்.

வெள்ளைத் துணி

இவற்றையெல்லாம் கூறியபோது எமது மாணவர் பணிவோடு கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் முகம் ஒப்பவில்லை. “வாதம் எதற்கு? பார்த்துவிடுவோம்” என்று அருகிலிருந்த கராஜுக்குச் சென்றோம். வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைக்கச் சொன்னோம். வடிகட்டியைக் கடந்தபின் அங்கே தூசு இருத்தல் ஆகாது.

துணி செந்நிறமாக வெளியே வந்தது.

கராஜ்காரர் விளக்கைப் பிடித்து ஆராய்ந்தார். குற்றம் துணியிலன்று, பூட்டிலே. வடிகட்டியின் கழுத்துக் குழாயின் வாயைவிடச் சிறிது பெரியது. கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கத்தில் நூலிழை அளவு இடைவெளி இருந்தது. இரண்டு மாதமாகத் தம்புள்ளைப் புழுதி அவ்வழியே தாராளமாக உள்ளே போயிருக்கிறது.

“இன்னும் இரண்டு வருடக் கடன் இருக்குது, ஐயா” என்றார் அவர் மெதுவாக. அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையிற் கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை எல்லோரும் அறிவர். எஞ்சின் போனால் அவருக்குத் தொழிலே போய்விடும்.

நல்வினைப் பயனாக, டர்போச் சில்லின் விளிம்பு இன்னும் கெடாமல் இருந்தது. பழைய பெட்டியை அவர் மனைவியார் வீசிவிடாமல் களஞ்சிய அறையில் நெல் மூட்டைகளுக்கிடையே வைத்திருந்தார். அதனைக் கழுவி உலர்த்தி, புதிய கடதாசி வடிகட்டியொன்றை இட்டு, அன்று மாலையே பூட்டியாயிற்று. எண்ணெயும் மாற்றப்பட்டது.

பூட்டும் முறை

வேறு நிறுவன வடிகட்டி பூட்டவே கூடாது என்று நாம் கூறவில்லை. பூட்ட விரும்புவோர் தொழிற்சாலைப் பெட்டிக்குள்ளேயே பொருந்தும் தட்டையான வடிகட்டியைத் தெரிவு செய்வது நன்று. எஞ்சின் ஆறிய பின்னரே தொடங்கவேண்டும். பழையதை எடுக்குமுன் பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடவேண்டும். இல்லையேல் மேலிருக்கும் புழுதி உள்ளே விழும். புதியதன் இறப்பர் விளிம்பு நாற்புறமும் இடைவெளியின்றி அமர்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். துணி வடிகட்டியாயின், தயாரித்தோர் கூறிய அளவுக்கு மேல் எண்ணெய் இடலாகாது. மிகுதி எண்ணெய் காற்றை அளக்கும் உணரியிற் படியக்கூடும். கடதாசி வடிகட்டியைக் கழுவலாகாது. அதனை அடிக்கடி கழற்றித் தட்டுவதும் வேண்டாம். ஓரளவு தூசு படிந்த வடிகட்டி நுண்டூசை இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் புழுதித் தெருவில் ஓடும் கார், கைந்நூலிற் கூறிய காலத்துக்கு முன்னரே புதிய வடிகட்டியைக் கேட்கும். எதைப் பூட்டினாலும், சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை வெள்ளைத் துணியாற் குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்துவிடுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபின், எரிதலைப்பற்றிய பாடம் மறுபடியும் வந்தது. “காற்றுக் கூடினால் வலுக் கூடும்” என்று கரும்பலகையில் எழுதினோம். பிறகு, வழக்கமாக எழுதாத ஒரு சொல்லை அதன் முன்னே சேர்த்தோம்: “தூய.” மாணவர்கள் காரணம் கேட்டனர். மடித்து வைத்திருந்த அந்தச் செந்நிறத் துணியை எடுத்து மேசைமேல் விரித்தோம்.