நீர்ச் சாணையும் நம் வீட்டுக் கத்தியும்

நம் பாலகாட் லயன்களில் எந்த வீட்டினுள் நுழைந்தாலும், அடுப்பங்கரையில் அரிவாள்மனை ஒன்றும் கத்திகள் இரண்டு மூன்றும் தவறாமல் இருக்கும். அவற்றில் எது நன்றாக அறுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "தக்காளியை நசுக்கும், அறுக்காது" என்று இல்லத்தரசியார் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பதற்குரிய விஷயம் அன்று இது. கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே கையை அதிகம் காயப்படுத்துகிறது. கூர் இல்லாத இடத்தில் கை பலத்தைக் கூட்டுகிறது. பலம் கூடும்போது கத்தி வழுக்குகிறது. வழுக்கிய கத்தி விரலைத்தான் தேடும்.

முன்பெல்லாம் வாரத்திற்கு ஒருமுறையாவது "சாணை பிடிக்கிறது!" என்னும் குரல் தெருவில் கேட்கும். இப்பொழுது அக்குரல் அருகிவிட்டது. அதற்குப் பதிலாக மோட்டாரில் சுழலும் சிறு சக்கரங்கள் கடைகளில் கிடைக்கின்றன. விடியற்காலை வண்டியில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் வாழ்க்கை வேண்டாமென எண்ணும் இளைஞர் சிலர், இச்சக்கரத்தை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளூரிலேயே நாலு காசு சம்பாதிக்க விரும்புகின்றனர். நல்ல எண்ணம்தான். ஆயின் அவர்கள் செய்யும் பிழைகளைக் காணும்போது, அதே பிழைகளை நான் செய்த நாள் நினைவிற்கு வருகிறது. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் கெடுத்த கத்தி

என் தந்தையார் சுரங்கப் பட்டறை ஒன்றில் பாறை துளைக்கும் முனைகளைத் தீட்டும் வேலை பார்த்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், மிதிசக்கரம் பொருத்திய சாணை வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு லயன் லயனாகச் சென்று எங்களைக் காப்பாற்றினார். சக்கரத்திற்கு மேலே அடியில் துளையிட்ட தகர டப்பா ஒன்று தொங்கும். அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். "இது எதற்கு அப்பா?" என்று சிறுவயதில் கேட்டதுண்டு. "எஃகுக்குத் தாகம் எடுக்கும்டா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தபின், தந்தையார் கால் நோக மிதிக்க வேண்டாமென்று மோட்டார்ச் சக்கரம் ஒன்று வாங்கினேன். நீர் இல்லாத உலர்ந்த சக்கரம் அது. பக்கத்து வீட்டு அக்காள் மாலை வேளைகளில் இட்லியும் வடையும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். தம் தாயார் கொடுத்த பழைய கருப்பு எஃகுக் கத்தியைக் கொண்டுவந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் தீட்டிக் கொடுப்பா" என்றார். நானும் பெருமையோடு அழுத்திப் பிடித்தேன். பொறி பறந்தது, விளிம்பு நீலநிறமாக மாறியது. பளபளவென்று இருந்ததைக் கண்டு மகிழ்ந்து கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் கத்தி மழுங்கிவிட்டது. மீண்டும் தீட்டினேன், மீண்டும் மழுங்கிற்று. அக்காள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருநாள் வியாபாரத்துப் பணத்தில் வேறொரு கத்தி வாங்கிக்கொண்டார். தந்தையார் அப்பழைய கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உயிர் போய்விட்டது" என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

நீர் எதற்கு?

கத்திக்குரிய எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே அதனை மறுபடியும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகின்றனர். சாதாரணக் கரி எஃகிற்கு இப்பதச் சூடு 200 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பிறகு எப்பொழுதாவது அதற்கு மேற்பட்ட சூடு விளிம்பில் ஏறினால், ஏறிய அளவிற்குக் கடினம் குறைந்துவிடும். இளமஞ்சள் நிறம் கண்டால் எச்சரிக்கை. நீலம் கண்டால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். நீலம் பாய்ந்த கத்தியைத் தண்ணீரில் நனைப்பதால் போன பதம் திரும்பாது. அந்தப் பகுதி முழுவதையும் மெல்லத் தேய்த்து நீக்கி, உள்ளே கெடாதிருக்கும் எஃகை எட்டினால்தான் மீண்டும் கூர் நிற்கும்.

கூர் விளிம்பு தாளினும் மெல்லியது. சூட்டைத் தாங்கி வைத்துக்கொள்ள அதில் இடம் ஏது? 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலர் சக்கரம் நிமிடத்திற்கு 2,800 சுற்றுச் சுழன்றால், அதன் பரப்பு விநாடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர் ஓடுகிறது. நீர்ச்சாணையோ மெல்லச் சுழல்வது. சுவீடன் நாட்டில் 1973ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டோர்மெக் நிறுவனத்தின் 250 மில்லிமீட்டர்ச் சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 90 சுற்றே சுழல்கிறது. கணக்கிட்டால் விநாடிக்கு 1.2 மீட்டர் அளவே ஆகும். அடிப்பகுதி தொட்டி நீரில் மூழ்கிச் சுழல்வதால் சூடு பிறந்தவுடனே அணைந்துவிடுகிறது.

பொதுவாக நேரும் பிழைகள்

முதற் பிழை, உலர் சக்கரத்தையே நீர்ச்சாணை ஆக்க முயல்வது. வேகமாகச் சுழலும் சக்கரத்தின்மேல் குவளையால் நீரூற்றுவோர் உண்டு. சக்கரம் நுண்துளைகள் நிறைந்தது. ஒரு பக்கம் நீரை உறிஞ்சினால் எடை சமனிழந்து, அவ்வேகத்தில் உடைந்து சிதறக்கூடும். என் தந்தையாரின் மிதிசக்கரம் மெல்லச் சுழன்றது. அதற்குச் சொட்டுநீர் பொருந்தியது. மோட்டார்ச் சக்கரத்திற்கு அது பொருந்தாது. நீருக்கென்று செய்யப்பட்ட சக்கரத்தையே நீரில் பயன்படுத்துக.

இரண்டாவது, தொட்டியைக் கவனியாதிருப்பது. புதிய கல் நீரை வெகுவாகக் குடிக்கும். சற்று நேரத்தில் மட்டம் இறங்கிவிடும். கல்லின்மேல் நீர் ஓடி வந்து கத்தியின் விளிம்பை நனைக்கிறதா என்று அடிக்கடி பார்த்து நிரப்ப வேண்டும். வேலை முடிந்ததும் தொட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். நீரிலேயே கல்லை நிற்க விட்டால் மூழ்கிய பாதி மட்டும் ஊறிக் கனத்து, மறுநாள் சக்கரம் துள்ளும். எண்ணெயைக் கல்லின் அருகே கொண்டுவரவும் கூடாது. துளைகள் அடைத்துப் போகும்.

மூன்றாவது, கோணத்தை மனம்போல் மாற்றுவது. காய்கறிக் கத்திக்குப் பக்கத்திற்கு 15 முதல் 20 டிகிரி போதும். எலும்பு வெட்டும் கனத்த கத்திக்கு 25 டிகிரி வரை வேண்டும். கோணமானி இல்லையே என்று கவலற்க. சதுரத்தாளின் மூலை 90 டிகிரி. அதை ஒருமுறை சமமாக மடித்தால் 45. மறுமுறை மடித்தால் இருபத்திரண்டரை. அதற்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தால் வீட்டுக் கத்திக்குச் சரியாகும். இன்னொரு வழியும் உண்டு. விளிம்பில் அழியாத மையைத் தடவி, கல்லில் ஒரே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விளிம்பில் மை எஞ்சி, அதற்கு மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை மிகவும் படுக்கப் பிடித்திருக்கிறீர்கள். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் மிகவும் நிமிர்த்திப் பிடித்திருக்கிறீர்கள். முழுதும் ஒருசீராக அழிந்தால் கோணம் பொருந்திற்று.

நான்காவது, கல்லின் திசையை அறியாமை. கல் விளிம்பை எதிர்த்து வரும்படி பிடித்தால் விரைவாகத் தேயும். ஆனால் வெறுங்கையால் அவ்வாறு பிடிக்கும்போது கத்தி கல்லில் குத்திக்கொண்டு எகிறக்கூடும். தாங்கு சட்டம் இல்லாதவர், கல் விளிம்பை விட்டு விலகி ஓடும் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். சற்றுத் தாமதமானாலும் விரல் மிஞ்சும்.

ஐந்தாவது, ஓரிடத்தில் நிறுத்துவது. பிடியருகே கத்தியை வைத்துவிட்டு அதன்பின் நகர்த்தத் தொடங்குவது பலர் வழக்கம். நாளடைவில் அவ்விடம் பள்ளமாகி, வெட்டுப்பலகையில் கத்தி முழுதும் படியாமல் போகும். கை நகரத் தொடங்கிய பின்னரே கத்தி கல்லைத் தொட வேண்டும். வளைவு வரும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்த வேண்டும். நுனியோ கல்லின் நடுவிலேயே நின்றுவிட வேண்டும். கல்லைத் தாண்டி இழுத்தால் நுனி உருண்டு போகும். அழுத்தமும் வேண்டா. மெல்லிய கத்திக்கு அதன் எடையோடு இரண்டு விரலின் பாரம் போதும்.

ஆறாவது, பிசிரை மறப்பது. ஒரு பக்கம் முழுமையாகத் தேய்ந்தால் எஃகு மறுபக்கம் சுருண்டு மெல்லிய பிசிராக நிற்கும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலை வெளிப்புறமாக வருடினால் அது தட்டுப்படும். விளிம்பின் நெடுகே ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். பிடிமுதல் நுனிவரை பிசிர் எழுந்த பின்னரே மறுபக்கத்திற்குத் திருப்ப வேண்டும். இரு பக்கமும் முடிந்தபின் அப்பிசிரைத் தோல்வாரில் தடவி நீக்க வேண்டும். தோலில் எப்பொழுதும் முதுகு முன்னே செல்லும்படி இழுக்க வேண்டும்; விளிம்பு முன்னே சென்றால் தோல் கிழியும். பிசிரோடு கொடுக்கும் கத்தி அன்று நன்றாக அறுப்பதுபோல் தோன்றி, மறுநாளே பிசிர் மடிந்து மழுங்கிவிடும். "சாணைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்னும் பேச்சு பெரும்பாலும் இதனாலேயே எழுகிறது.

ஏழாவது, கல்லைச் சீர்செய்யாதிருப்பது. நாட்பட்டால் கல்லில் வரிகள் விழும், வட்டமும் கெடும். மேடுபள்ளமான கல் சீரான விளிம்பைத் தராது. அதற்குரிய சீர்செய்யும் கருவியால், நீர் ஓடும்போதே, மேற்பரப்பைச் சமன் செய்துவிட வேண்டும். கல் தேயத் தேய அதன் வட்டம் சிறுக்கும். ஆகவே கோணத்தையும் அப்போதைக்கப்போது சரிபார்க்க வேண்டும்.

பல்வைத்த ரொட்டிக் கத்தியையும், உட்புறம் வளைந்த கதிர் அரிவாளையும் தட்டைச் சக்கரத்தில் தொடவே வேண்டா. அவற்றிற்குக் கைக்கல்லும் அரமுமே ஏற்றவை. நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், நில இணைப்பு உள்ள செருகி, உலர்ந்த கை, உலர்ந்த தரை ஆகியன இன்றியமையாதவை. புடைவைத் தலைப்பும் பின்னிய கூந்தலும் சக்கரத்தின் அருகே வரலாகாது.

குருந்தம் நம் சொல்

சாணைக்கல் வெளிநாட்டுப் பொருளென்று எண்ணுவோர் உண்டு. அரக்கோடு குருந்தப்பொடியைக் கலந்து சாணை செய்து மணிகளைப் பட்டை தீட்டியவர்கள் நம் நாட்டார். மேல்நாட்டார் "கொரண்டம்" என வழங்கும் பெயரே நம் "குருந்தம்" என்னும் சொல்லின் வழியாகச் சென்றதுதான். 1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் என்பவர் செயற்கையாகச் செய்த கடினப்பொருளுக்கும் "கார்போரண்டம்" என்று அதே சாயலில் பெயரிட்டார். 1954ஆம் ஆண்டு சென்னையில் கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனம் தோன்றியது. பொருள் சுற்றிவிட்டு வீடு திரும்பிற்று எனலாம்.

தந்தையார் சொன்ன இரண்டாவது காரணம்

அக்காளின் கத்தி கெட்ட அன்று மாலை, தந்தையார் என்னை அருகே அமர்த்திக்கொண்டார். "நீரில்லாமல் இனிச் சக்கரத்தைச் சுழற்றாதே. கத்திக்காக மட்டும் சொல்லவில்லை" என்றார். பிறகு தம் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அதன் பொருளைப் பின்னர்ப் படித்தறிந்தேன். இங்கிலாந்தின் செபீல்டு நகரில் கத்தியும் முட்கரண்டியும் தீட்டுவோர் மணற்கல் சக்கரங்களில் வேலை செய்தனர். அந்நகரத்து மருத்துவர் ஆர்னால்டு நைட், உலர்கல்லில் முட்கரண்டி தீட்டுவோர் 28 முதல் 32 வயதிற்குள் இறப்பதையும், ஈரக்கல்லில் மேசைக்கத்தி தீட்டுவோர் 40 முதல் 50 வயது வரை வாழ்வதையும் எழுதி வைத்தார். இரு சாராருக்கும் இடையே இருந்த பெரிய வேறுபாடு தண்ணீர்தான்.

நம் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோயைப் பற்றி 1940களில் நம் தங்கவயல் தொழிலாளரிடையே ஆய்வு நடந்தபோது, பார்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் காணப்பட்டது. துளைக்கும் கம்பியின் நடுவே நீரைச் செலுத்தித் தூளை அடக்கும் எந்திரம் உலகிற்கு வந்ததும் இக்காரணத்தாலேயே. இன்றைய சாணைச் சக்கரங்கள் மணற்கல்லால் ஆனவை அல்ல. ஆயினும் கல்தூளும் எஃகுத்தூளும் மூச்சோடு உள்ளே போகத் தக்கவை அல்ல. நீர் அவற்றைத் தொட்டியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அச்சேற்றை உலரவிட்டுப் பெருக்காமல், ஈரமாகவே வழித்து எடுத்துவிட வேண்டும். சயனைடு மேட்டுத் தூசியை ஒவ்வொரு காற்றுக்காலத்திலும் விழுங்கும் நாம், வீட்டிற்குள் இன்னொரு தூசியை வரவழைக்கலாமா?

நான் அந்த உலர் சக்கரத்தை விற்றுவிட்டு நீர்ச்சாணை வாங்கினேன். முதலில் தீட்டியது அக்காளின் அந்தப் பழைய கத்தியைத்தான். நீலம் பாய்ந்த பகுதி நீங்கும்வரை நான்கு மாலைகள் மெல்லத் தேய்த்தேன். கத்தி அரை விரல் அகலம் குறுகிற்று. ஆனால் கூர் நின்றது. அக்காள் அதை வாங்கித் தாளொன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா இருந்தபோது இப்படித்தான் இருந்தது" என்றார். கூலி கொடுக்க முன்வந்தார், நான் வாங்கவில்லை. அது என் கடன்.

சாணை பிடிக்கும் தொழிலை மேற்கொள்ள எண்ணும் நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறர் கொண்டுவரும் கத்தியை வெறும் இரும்பென்று எண்ணாதீர்கள். அது ஒரு வீட்டின் சமையல். சிலருக்கு அதுவே பிழைப்பு. அவசரப்படாமல், அழுத்தாமல், நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியும் நீடிக்கும், நீங்களும் நீடிப்பீர்கள்.